வட சென்னை மீன்பிடிப் பருவங்கள்

வட சென்னை மீன்பிடிப் பருவங்கள் என்பது, இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடற்கரையில் மீனவர் கடலுக்குச் செல்லும் காலங்களையும், அக்காலங்களில் கிடைக்கும் மீன்களின் வகையையும் அளவையும் தீர்மானிக்கும் ஆண்டுச் சுழற்சியைக் குறிக்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள டோல்கேட், இக்கடற்கரையை ஒட்டிய பகுதிகளுள் ஒன்று. அதன் தெற்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகமும், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் மீனவ ஊர்களும் அமைந்துள்ளன.

இங்கு மீன்பிடித்தொழில் ஆண்டுக்கு இருமுறை தடைபடுகின்றது. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் தடுக்கின்றன. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை அரசின் தடை விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகின்றது. இவ்விரு இடைவெளிகளும் மீனவரின் வருவாயைக் குறைப்பினும், அடுத்து வரும் பருவத்திற்கான மீன்வளத்தைப் பெருக்க உதவுகின்றன.

பருவமழைக் காலம்

சென்னையின் ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 1,400 மி.மீ. ஆகும். இதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கின்றது. இக்காலத்தில் வாடைக்காற்று வலுப்பெறும். கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கித் திரும்பும். வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போது துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவிக்கப்படும்.

சிறு படகு மீனவருக்கு இக்காலம் மிகக் கடினமானது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின்னர், தெற்கிலிருந்து அலைகள் கொண்டுவரும் மணல் துறைமுகச் சுவர்களால் தடுக்கப்பட்டது. இதனால் தெற்கே மெரீனா விரிந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட பாறைகளுக்கிடையே, அலை மிகுந்த நாட்களில் படகைக் கரையேற்றுவது ஆபத்தாகும்.

மழையும் மீன்வளமும்

வங்காள விரிகுடாவில் ஆறுகள் கொணரும் நன்னீர், உப்பு நீரின் மேல் ஒரு படலமாக மிதக்கின்றது. இப்படலம் ஆழத்திலுள்ள சத்துக்கள் மேலே வருவதைத் தடுக்கின்றது. புயல் கடலைக் கலக்கும்போது அச்சத்துக்கள் மேற்பரப்பை அடைகின்றன. அவற்றால் நுண்ணிய மிதவை உயிரிகள் பெருகுகின்றன. கவளை, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் இவ்வுயிரிகளை உண்பன. வஞ்சிரம், சூரை போன்றவை அச்சிறு மீன்களை உண்பன.

இறாலின் வாழ்க்கைச் சுழற்சி மழையுடன் மேலும் நெருங்கியது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் கழிமுகத்தினுள் நுழைந்து, சில மாதங்கள் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும். நல்ல மழை பெய்தால் வெள்ளநீர் முகத்துவாரத்து மணலை அகற்றி வழியைத் திறந்து விடும். மழை பொய்த்தால் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடும். எனவே புயல் மிகுந்த ஆண்டில் கடலுக்குச் செல்லும் நாட்கள் குறையலாம். ஆயினும் அவ்வாண்டின் மழை பின்வரும் மாதங்களின் இறால் வரவுக்கு உதவக்கூடும்.

தடைக்காலம்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் இயற்றப்பட்டது. இதன் கீழ் 2001 முதல் 45 நாட்களுக்கு ஆண்டுத் தடை நடைமுறைப்படுத்தப்பட்டது. 2017 முதல் இது 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. கொரோனா ஊரடங்கு நிலவிய 2020ஆம் ஆண்டில் மட்டும் தடை மே 31உடன் முடிக்கப்பட்டது. மேற்குக் கடற்கரையில் தடை சூன் 1 முதல் சூலை 31 வரை ஆகும்.

கடலடியை வாரிச் செல்லும் இழுவலைகள், முட்டையிடும் மீன்களையும் குஞ்சுகளையும் ஒருசேர அள்ளிவிடும் என்பதே தடைக்குக் காரணம். கட்டுமரங்களும் சிறு நாட்டுப் படகுகளும் தடையின்றித் தொழில் செய்யலாம். விசைப்படகு உரிமையாளர்கள் இந்நாட்களில் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பர், வண்ணம் பூசுவர், வலைகளைச் சீரமைப்பர். கூலிக்குச் செல்லும் தொழிலாளருக்கோ வேலை இராது. மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகின்றது.

தடைக்குப் பிந்தைய பருவம்

சூன் 15 முதல் விசைப்படகுகள் மீண்டும் புறப்படும். இரு மாதங்கள் தொல்லையின்றி வளர்ந்த மீன்களும் இறால்களும் முதல் சில வாரங்களில் மிகுதியாகக் கிடைப்பது வழக்கம். பல படகுகள் ஒரே நேரத்தில் பிடிப்பதால் இம்மிகுதி விரைவில் குறையும். தடையினால் கிடைத்த பயன் நிலைக்க வேண்டுமாயின், கண்ணி சிறுத்த வலைகளைத் தவிர்ப்பதும் குஞ்சு மீன்களைப் பிடிக்காதிருப்பதும் தேவையாகும்.

எண்ணூர்க் கழிமுகம்

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் இப்பகுதி இறாலின் வளரிடம் ஆகும். இருளர் இங்கு நீரில் இறங்கிக் கைகளால் தடவி இறால் பிடிக்கும் வழக்கம் கொண்டவர். அனல்மின் நிலையங்களின் சாம்பலும் வெந்நீரும் இக்கழிமுகத்தைப் பாதித்துள்ளன. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்துடன் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து வந்து கழிமுகத்தில் படர்ந்தது. இறாலுக்கு வழிதிறந்து விட வேண்டிய வெள்ளமே அவ்வாண்டு நஞ்சைச் சுமந்து வந்தது. மீனவரின் வலைகளும் படகுகளும் எண்ணெய் படிந்து பாழாயின.

எல்க் மான்களுடன் ஓர் ஒப்பீடு

கடும் பருவத்திற்கும் அடுத்த பருவத்தின் வரவுக்கும் உள்ள தொடர்பு நிலத்திலும் உண்டு. வட அமெரிக்காவின் ராக்கி மலைப்பகுதியில் ஆழ்ந்த பனி புல்லை மூடும்போது எல்க் மான்கள் உடற்கொழுப்பை இழக்கின்றன. கன்றுகள் முதலில் இறக்கின்றன. 2022-23 கடுங்குளிருக்குப் பின் கொலராடோ மாநிலம் தன் வடமேற்குப் பகுதியில் எல்க் வேட்டை உரிமங்களைக் குறைத்தது.

இரண்டிற்கும் வேறுபாடுகள் உள்ளன. குளிர்காலம் மான்களைக் கொல்கின்றது. பருவமழையோ மீன்வளத்தை ஊட்டுகின்றது. மான்களை வானூர்தியிலிருந்து எண்ணலாம். மீன்களின் நிலையைப் பெரும்பாலும் கரைக்கு வந்த அளவைக் கொண்டே ஊகிக்க வேண்டும். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இக்கணிப்பை மேற்கொள்கின்றது. அங்கு உரிமங்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும். இங்கு தடை நாட்கள் நிலையானவை.

தடைக்காலம் பற்றிய விவாதம்

தடையைப் பருவமழைக் காலத்திற்கு மாற்ற வேண்டும் எனத் தமிழக மீனவரில் ஒரு பகுதியினர் கோரி வருகின்றனர். புயலால் ஏற்கெனவே இழக்கும் நாட்களிலேயே தடையும் அமைந்தால் வருவாய் இழப்பு குறையும் என்பது அவர்களின் வாதம். ஆனால் எல்லா மீன்களும் ஒரே காலத்தில் முட்டையிடுவதில்லை. எக்காலத்தைத் தேர்ந்தாலும் சில இனங்கள் பாதுகாப்பின்றி விடப்படும். மேலும், கடல் சீற்றத்தால் படகுகள் இயல்பாகவே நிற்கும் நாட்களில் தடை விதித்தால், மீன்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஓய்வு சிறிதே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

காசிமேடு
எண்ணூர்க் கழிமுகம்
வடகிழக்குப் பருவமழை
பழவேற்காடு ஏரி