தயாரிப்பாளர் பெயரில்லாத பழைய துப்பாக்கியை இனங்காணல்

குடும்ப வழியில் வந்த ஒரு பழைய ரவைத் துப்பாக்கியில் தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ வெளியில் தெரியாதபோது, அது எந்த நாட்டில், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில், எந்த வகையாகச் செய்யப்பட்டது என்பதைப் பிற தடயங்களைக் கொண்டு அறிவது இனங்காணல் ஆகும். தருமபுரி மாவட்டம் அரூரும் அதன் அருகிலுள்ள சித்தேரி மலைப்பகுதியும் போன்ற காடு சார்ந்த ஊர்களில் பயிர்க்காவலுக்கும், ஒரு காலத்தில் வேட்டைக்கும் துப்பாக்கி வைத்திருந்தனர். பெட்டியிலோ பரணிலோ கிடக்கும் அத்தகைய துப்பாக்கியைப் பற்றி வீட்டார் முதலில் கேட்பது "யார் செய்தது?" என்பதே. இந்தியச் சட்டத்தின்படி, குறி இருக்கிறதா என்ற கேள்வி அதைவிடப் பெரியது.

குறியின் சட்ட முக்கியத்துவம்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் உள்ள பெயர், எண் அல்லது பிற அடையாளக் குறியை அழிப்பதையும் மாற்றுவதையும் போலியாகப் பொறிப்பதையும் தடை செய்கிறது. அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ முடியாது. குறியில்லாத துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், வேறு விதமாக மெய்ப்பிக்கப்படும் வரை, அவரே குறியை அழித்ததாகக் கருதவும் அப்பிரிவு இடமளிக்கிறது. எனவே எண் இல்லையே என்று பட்டறையில் கொடுத்து ஓர் எண்ணைப் பொறித்துக்கொள்வது, இல்லாத குற்றத்தை உண்டாக்கிக்கொள்வதாகும்.

"நூறு வருடப் பழசு, அதற்கு உரிமம் வேண்டாம்" என்பது பரவலான தவறான நம்பிக்கை. பழைய வகையைச் சேர்ந்ததோ தொல்பொருள் மதிப்புடையதோ பழுதடைந்ததோ ஆன ஆயுதத்துக்கு 45ஆம் பிரிவு விலக்களிப்பது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாத நிலையில் இருப்பவற்றுக்கே அவ்விலக்கு பொருந்தும். குதிரை உடைந்த துப்பாக்கியைக் கொல்லர் ஒருவர் சரிசெய்துவிட முடியும் என்றால் அது துப்பாக்கிதான். உரிமமின்றி வைத்திருப்பதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

தொடும் முன்

வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிகளில் பல ஆண்டுகளுக்கு முன் இட்ட மருந்தும் ரவையும் அப்படியே இருக்கக்கூடும். ஈரம் படாத கரிமருந்து எளிதில் கெடுவதில்லை. ஆகவே ஆளில்லாத திசையில் வாயைத் திருப்பி வைத்து, ஊசிமுனையில் கேப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்வது முதல் வேலை. ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் மெல்ல விட்டு, அது இறங்கும் ஆழத்தை வெளியே குழலின் நீளத்துடன் ஒப்பிடுவது பழைய முறை. குச்சி சில அங்குலம் முன்னதாகவே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். அதை வீட்டில் தோண்டி எடுக்கக் கூடாது. துருவைப் போக்க உப்புத்தாளோ அமிலமோ பயன்படுத்துவதும் கூடாது. மங்கிப்போன முத்திரை கிடைக்கக்கூடிய ஒரே இடம் அந்தத் துருவின் அடிதான்.

சோதனை முத்திரைகள்

பெயர் இல்லை என்பதால் குறியே இல்லை என்றாகாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஒவ்வொரு குழலும் வழக்கத்தைவிட மிகுதியான மருந்து இட்டுச் சுட்டுச் சோதிக்கப்பட்டு, தாங்கிய குழலில் முத்திரை குத்தப்பட்டது. மடித்துத் திறக்கும் துப்பாக்கிகளில் இவை வெளிப்புறத்தில் இருப்பதில்லை. முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்தால், குழலின் அடியில் பூட்டுக்கு அருகேயுள்ள தட்டையான பரப்பில் தென்படும். வீட்டார் பலருக்கு இவை கண்ணில் படாமலே போவதற்குக் காரணம் இதுதான்.

இலண்டன் சோதனை முத்திரையில் கிரீடத்தின் கீழ் ஜி, பி என்ற எழுத்துகள் பின்னியிருக்கும். பர்மிங்காம் சோதனை நிலையம் 1813இல் நிறுவப்பட்டது. அதன் பழைய முத்திரை குறுக்காக வைத்த இரு செங்கோல்களும் கிரீடமும் கொண்டது. 1904 முதல் கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள் வந்தன. இவற்றில் என்.பி. என்பது புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டதைக் குறிக்கும். பெல்ஜியத்தின் லியேஜ் நகர முத்திரையில் நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருக்கும். அந்நகரின் பெரோன் என்னும் தூண் உருவமும் தனியே காணப்படும். நீள்வட்டத்தின் மேல் கிரீடம் 1893இல் சேர்ந்தது. எனவே கிரீடம் இல்லாத முத்திரை அதற்கு முந்தியது.

எண்களும் காலம் சொல்லும். சாய்சதுரத்துக்குள் 12 என்று இருந்தால் அது 12 போர் தோட்டாவுக்கானது, 1887 அல்லது அதற்குப் பிந்தியது என்று ஆங்கிலத் துப்பாக்கியில் கொள்ளலாம். போர் என்பது ஒரு பவுண்டு ஈயத்தில் குழல் அளவுக்குப் பொருந்தும் எத்தனை குண்டுகள் வார்க்கலாம் என்ற கணக்கு. 12 போரின் உள்விட்டம் 0.729 அங்குலம், அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர். 16 போர் 16.8 மில்லிமீட்டர். எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும் என்பது புதியவர்களைக் குழப்பும் இடம்.

குழலின் மேற்பரப்பில் நீரலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல். பார்வைக்கு அழகானது. ஆனால் அக்குழல்களில் பெரும்பாலானவை கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய தோட்டாவை அதில் இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும்.

பெயர் இருந்தாலும் அது தயாரிப்பாளருடையது என்று சொல்வதற்கில்லை. சென்னையின் பி. ஆர் அண்ட் சன்ஸ், கொல்கத்தாவின் ஆர். பி. ரோடா போன்ற கடைகள் தருவித்து விற்ற துப்பாக்கிகளில் கடையின் பெயரே பொறிக்கப்பட்டது. பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரத்துக்கும் நகைக்கும் பெயர் பெற்ற கடை. பெல்ஜியத்தில் செய்த மலிவான துப்பாக்கிகளிலோ புகழ்பெற்ற ஆங்கிலப் பெயர்களை ஒத்த பெயர்கள் இருந்தன. மேலே எழுதியதைவிட அடியில் குத்தியதே நம்பத்தக்கது.

முத்திரையே இல்லாதபோது

அடியிலும் ஒன்றும் இல்லையென்றால் இரண்டு வாய்ப்புகள் மிகுதி. ஒன்று, உள்ளூர்க் கொல்லர் செய்த நாட்டுத் துப்பாக்கி. குழாயைக் குழலாக்கி, உள்ளூர் மரத்தில் கட்டை செதுக்கி, திருகுகளைக் கையால் அராவிச் செய்தது அது. குழலின் உள்ளே பற்றவைத்த கோடு, சீரற்ற தடிமன், ஒன்றுக்கொன்று பொருந்தாத திருகுகள் ஆகியவை அதன் அடையாளங்கள். பழைய இறக்குமதித் துப்பாக்கியின் குதிரையையும் விசையையும் எடுத்துப் புதிய குழலில் பொருத்துவதும் உண்டு. அப்போது பூட்டு ஒரு நூற்றாண்டையும் குழல் இன்னொன்றையும் காட்டும்.

மற்றொன்று, படையிலிருந்து கழிக்கப்பட்ட துப்பாக்கி. இதில் பெயர் இருக்காது, ஆனால் பூட்டுத் தகட்டில் கிரீடமும் அதனருகே டவர் என்ற சொல்லும் இருக்கலாம். அகன்ற அம்புக்குறி பிரித்தானிய அரசு உடைமையைக் குறிக்கும். அதனடியில் ஐ என்ற எழுத்து இருந்தால் இந்திய அரசுடையது. இரு அம்புகள் முனையோடு முனை சேர்ந்திருந்தால் படைப்பயன்பாட்டிலிருந்து விற்கப்பட்டது. இஷாப்பூர் தொழிற்சாலை லீ என்ஃபீல்டு ரைபிள்களை .410 மஸ்கெட்டாக மாற்றிக் காவல்துறைக்கு அளித்தது. அவை ரைபிள் போலத் தோன்றினாலும் உட்குழல் வழுவழுப்பானது.

காகிதத் தடயம்

உலோகம் சொல்லாததைச் சில வேளை தாத்தாவின் உரிமப் புத்தகம் சொல்லிவிடும். அதில் ஆங்கிலச் சுருக்கமாக எஸ்.பி.எம்.எல். என்றிருந்தால் ஒற்றைக் குழல் வாய்வழிக் கெட்டிப்பு, டி.பி.பி.எல். என்றிருந்தால் இரட்டைக் குழல் பின்வழித் தோட்டா வகை. அருகே எண்ணும் இருக்கும். சட்டத்தின் 13ஆம் பிரிவு பயிர்க்காவலுக்கான வாய்வழித் துப்பாக்கியைத் தனியே குறிப்பிடுகிறது. ஆகையால் உரிமத்தில் பயிர்க்காவல் என்ற நோக்கம் எழுதியிருந்தால் துப்பாக்கியின் வகையும் ஊகிக்கத்தக்கதே. தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய அரூர் உரிமம் சேலம் மாவட்ட ஆட்சியரின் பெயரில் இருப்பது இயல்பே. பழைய பதிவைத் தேடுவோர் தருமபுரியோடு நின்றுவிடக் கூடாது.

ஒப்படைப்பும் வாரிசுரிமையும்

உரிமம் பெற்றவர் இறந்தால் அவரது உரிமம் வாரிசுக்குத் தானாக வருவதில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 25ஆம் விதியில் சட்டப்படியான வாரிசு உரிமம் கோர வழி செய்கின்றன. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம் செல்லும். வைத்திருப்பது சட்டப்படி செல்லாத நிலை வந்துவிட்டால், 21ஆம் பிரிவின்படி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ காலதாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் போய்விட்டது என்ற அச்சத்தில்தான் பலர் பரணிலேயே விட்டுவிடுகின்றனர். உரிய காலக்கெடுவுக்குள் உரிமம் கிடைத்தால் அதைத் திரும்பப் பெறவும், கிடைக்காவிட்டால் சட்டப்படி விற்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. கெடு கடந்தால் அரசுடைமையாகிவிடும் என்பதால், ஒப்படைக்கும்போது கண்ட முத்திரைகள், குழல் நீளம், உள்விட்டம் ஆகியவற்றை எழுதி, தேதியிட்ட ரசீது பெற்றுக்கொள்வது வாரிசுக்குப் பயன்படும்.