மடலுக்கு முன்னே ஒரு பாரம்

புதிய மாணவர்கள் வளாகத்தில் கால்வைக்கும் வாரத்தில் கழகங்கள் மேசை போட்டு மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டுவது வழக்கம். மாதந்தோறும் செய்திமடல் அனுப்புவதுதான் நோக்கம். ஆண்டிறுதியில் அந்த மடலைத் திறந்து படிப்போர் எத்தனை பேர் என்று செயலவையினரைக் கேட்டால் பதில் மழுப்பலாகவே வரும். உடனே மடலின் வண்ணத்தையும் படங்களையும் மாற்றுகிறோம். என் பார்வையில், பாதிக் குறை மடல் பிறப்பதற்கு முன்பே பதிவுப் பாரத்தில் இருக்கிறது.

மடல் அனுப்பத் தேவைப்படுவது ஒரே ஒரு முகவரி. அழைக்க ஒரு பெயரும் இருந்தால் நன்று. ஆனால் கைப்பேசி எண், வீட்டு முகவரி, அடையாள அட்டை எண் என்று நீளும் பாரங்களை நான் பார்த்திருக்கிறேன். நம் அடையாள அட்டையின் 12 இலக்கங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஒரு செய்திமடலுக்காக இவ்வளவையும் ஒப்படைக்கத் தயங்கும் மாணவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

பெயர்க் கட்டம் தனிக்கதை. மேலைநாட்டு மாதிரியில் அமைந்த பாரங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டையும் கட்டாயமாகக் கேட்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரைத்தான் நிரப்புகிறோம். பிறகு வரும் மடல் என்னை விட்டுவிட்டு என் அப்பாவுக்கு வணக்கம் சொல்கிறது! ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பதிலுள்ள சாய்கோட்டைப் பிழையென்று தள்ளும் பாரங்களும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தமிழில் எழுதிய பெயரை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர்கள் நாம். தமிழ்க் கழகத்தின் பாரமாவது ‘உங்களை எப்படி அழைக்கலாம்?’ என்று ஒரே கட்டத்தில் கேட்டு, தமிழ் எழுத்தையும் ஏற்கட்டுமே.

அடுத்தது உறுதிப்படுத்தல். காகிதத்தில் கிறுக்கிய முகவரியைப் பின்னர் ஒருவர் தட்டச்சு செய்யும்போது ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து 1 ஆகும். ‘ஓ’ சுழியம் ஆகும். இப்படிப் பிழைபட்ட முகவரிகளுக்குச் சென்ற மடல்கள் திரும்பி வரும். திரும்புபவை பெருகினால் மின்னஞ்சல் நிறுவனங்கள் அனுப்புநரையே ஐயுறும். சரியான முகவரிகளுக்குச் செல்பவையும் குப்பை அஞ்சலில் விழத் தொடங்கும். எனவே மேசையில் காகிதத்திற்குப் பதில் கியூஆர் குறியீட்டை வைத்து, மாணவரையே முகவரியை உள்ளிடச் செய்யலாம். உடனே ஓர் உறுதிப்படுத்தும் அஞ்சல் போக வேண்டும். அதிலுள்ள இணைப்பைச் சொடுக்கியவர் மட்டுமே பட்டியலில் சேர்வார். 300 பேர் பதிந்து 200 பேரே உறுதிசெய்தால் ஆண்டறிக்கையில் எண் சிறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த 200 பேரும் மடலைக் கேட்டு வாங்கியவர்கள்.

2013-இல் நடப்புக்கு வந்த நமது 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கானது. இருந்தாலும் அதன் ஒரு விதி நமக்கும் பொருந்தும்: தரவை எதற்குத் திரட்டுகிறோம் என்பதை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்துவழி தெரிவிக்க வேண்டும். நாம் தமிழையும் சேர்த்து, ‘மாதம் ஒரு மடல், கழகத்தைத் தவிர வேறு யாருக்கும் முகவரி தரப்படாது’ என்று பொத்தானுக்கு மேலேயே எழுதிவிடலாம். எழுதியபின் வாரம் மூன்று மடல் அனுப்பக் கூடாது.

விலகும் வழியும் முதல் நாளே தெரிய வேண்டும். நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் விளம்பர அஞ்சல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டுமென்று ஜிமெயில் 2024-இல் விதித்தது. நாம் அவ்வளவு பெரியவர்கள் அல்லர். ஆனால் வழி கிடைக்காத வாசகர் ‘குப்பை’ என்ற பொத்தானை அழுத்துவார். அது நமக்குத்தான் கேடு.

இறுதியாக, எந்த முகவரி? மாணவர்கள் பழக்கத்தில் பல்கலைக்கழக முகவரியைத் தருகிறார்கள். பட்டம் பெற்றபின் அது மூடப்பட்டால், கழகத்துக்கு ஒரு முன்னாள் மாணவர் தொலைந்து போகிறார். கட்டத்தின் மேல் ‘படிப்பு முடிந்தபிறகும் நீங்கள் பயன்படுத்தும் முகவரி’ என்று எழுத ஒரு வரி போதும்.