கல்யாண ப்ளூ-ரே: மெனு வரலைன்னா வீடியோ போச்சா?

சிவகாசி, விருதுநகர் பக்கம் பல வீட்டு அலமாரிகளில் கல்யாண ஆல்பத்தோடு ஒரு ப்ளூ-ரே டிஸ்க்கும் இருக்கலாம். கம்ப்யூட்டரில் போட்டால் ‘முகூர்த்தம்’, ‘வரவேற்பு’ பட்டன்கள் வரவில்லையா? பதற வேண்டாம்.

மெனுவில் எத்தனை வகை?

இரண்டு. ‘எச்டிஎம்வி’ என்பது படமும் பட்டனும் மட்டும் உள்ள எளிய வகை. வீடியோ ஓடும்போதே அதன் மேல் மெனுவைக் காட்டும். ‘பிடி-ஜே’ என்பது ஜாவா புரோகிராமில் இயங்குவது; சினிமா டிஸ்க்குகளில் வரும் கேம் போன்றவை இந்த வகை. வீட்டு எடிட்டிங் மென்பொருள்கள் பெரும்பாலும் முதல் வகையைத்தான் உருவாக்கும்.

அப்போ வீடியோ எங்கே?

ப்ளூ-ரே டிரைவ் வேண்டும். டிவிடி டிரைவ் படிக்காது. டிஸ்க்கில் ‘பிடிஎம்வி’ ஃபோல்டருக்குள் ‘ஸ்ட்ரீம்’ ஃபோல்டரைத் திறங்க. ‘எம்2டிஎஸ்’ என முடியும் பெரிய ஃபைல்கள்தான் உங்க கல்யாணம். விஎல்சி பிளேயரிலேயே பார்க்கலாம். மெனு என்பது பட்டாசுப் பெட்டி லேபிள் மாதிரி. லேபிள் கிழிந்தாலும் வெடி உள்ளேதான் இருக்கும்.

ஏன் இப்போதே எடுக்கணும்?

மெனு செய்ய உதவிய அடோபியின் ‘என்கோர்’ மென்பொருள் 2012-ல் வந்த சிஎஸ்6 பதிப்போடு நின்றது. பதிவு செய்யும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. டிரைவ் கிடைக்கும்போதே, வீடியோவை மட்டுமல்ல, ‘பிடிஎம்வி’ ஃபோல்டரை முழுசாக ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்க. ஒரு லேயர் டிஸ்க்குக்கு 25 ஜிபி, இரண்டு லேயருக்கு 50 ஜிபி இடம் போதும். மெனுவும் கூடவே வந்துவிடும்.