கணிப்பொறிப் பதிவேட்டில் அமர்வும் பரிவர்த்தனையும்

பண்டசாலையினின்று 100 மூட்டை விதை கிளை நிலையத்திற்கு அனுப்பப்படுமாயின், ஓரிடத்துக் கழிவும் மற்றோரிடத்து வரவும் ஒருங்கே பதிவாதல் வேண்டும். ஒன்று தவறினும் கணக்குப் பொய்க்கும். இவ்விரண்டையும் பிரியாது காப்பதே பரிவர்த்தனை எனப்படும்.

தரவுத்தள அட்டவணையின் வரிசைகளைப் பைத்தான் மொழியின் பொருள்களாக்கித் தரும் நிரல்தொகுப்பு எஸ்க்யூஎல்ஆல்கெமி ஆகும். இது 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதில் ‘செஷன்’ எனப்படும் அமர்வு, மாற்றங்களைத் திரட்டி வைக்கிறது. ‘ஃபிளஷ்’ என்னும் கட்டளை அவற்றைத் தரவுத்தளத்திற்கு அனுப்புமேயன்றி நிலைபெறச் செய்யாது; நிலைபெறச் செய்வது ‘கமிட்’ கட்டளையே. அனுப்புங்கால் பிழை நேரின், ‘ரோல்பேக்’ கட்டளையால் மாற்றங்களனைத்தையும் நீக்கிய பின்னரே அவ்வமர்வு மீண்டும் பயன்படும்.

நெடுநேரம் முடிவுறாத பரிவர்த்தனை பிறருடைய பதிவுகளைத் தடுக்கக்கூடும். ஆதலின், ஒரு பணிக்கு ஓர் அமர்வைத் திறந்து, பணி முடிந்தவுடன் மூடிவிடுதல் நன்று.