உங்களுக்குத் தெரியுமா? பழைய லக்சரி கார் ஸ்பெஷல்!

வெறும் 1,400 டாலருக்கு ஒரு லெக்சஸ்! 1996 மாடல் எல்எஸ் 400. வாங்கியவர் அமெரிக்கக் கார் விமர்சகர் மேட் ஃபாரா. வாங்கிய வருடம் 2014. அப்போதே அது ஓடி முடித்திருந்த தூரம் எவ்வளவு தெரியுமா? 8,97,000 மைல்!

காயலான் கடைக்குத்தான் போயிருக்கும் என்கிறீர்களா? போகவில்லை! 2019-ல் பத்து லட்சம் மைலைத் தாண்டியது. நம் கணக்கில் 16 லட்சம் கிலோமீட்டர். நிலாவுக்கு இரண்டு முறை போய்த் திரும்பினாலும் கையில் 70,000 கிலோமீட்டர் மிச்சம்!

அதன் ஓடோமீட்டர் 9,99,999-ல் நின்றுவிட்டது. ஏழாவது எண்ணுக்கு டயலில் இடமே இல்லை! அந்த டயலைச் செய்தவர்களே எதிர்பார்க்காத ஓட்டம் இது!

இந்தக் கார் பிறந்த கதையும் சாதாரணமில்லை. 1983-ல் டொயோட்டா தலைவர் எய்ஜி டொயோடா ஒரு ரகசியக் கூட்டம் போட்டார். கேட்டது ஒரே கேள்வி: உலகின் மிகச் சிறந்த காரோடு மோத நம்மால் ஒன்று செய்ய முடியுமா? கார் வெளியே வந்தது 1989-ல். ஆன செலவு 100 கோடி டாலருக்கும் மேல்!

1,400 இன்ஜினியர்கள். 2,300 டெக்னீஷியன்கள். சோதனைக்காக மட்டும் செய்து பார்த்த கார்கள் சுமார் 450! அவற்றை ஓட்டிப் பார்த்த தூரம் 43 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல்! இத்தனையும் ஒரே ஒரு மாடலுக்கு!

பணக்கார அமெரிக்கர் எப்படி வாழ்கிறார் என்று பார்க்க டொயோட்டா 1985-ல் ஆளையே அனுப்பியது! கலிபோர்னியாவின் லகூனா பீச்சில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கி வேடிக்கை பார்த்தார்கள். சம்பளத்தோடு!

100 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே எவ்வளவு சத்தம் கேட்கலாம்? தலைமை இன்ஜினியர் இச்சிரோ சுஸுகி வைத்த வரம்பு 58 டெசிபல். பக்கத்து சீட்டுக்காரர் சாதாரணமாகப் பேசும் குரலே அதைத் தாண்டிவிடும்!

டிவி விளம்பரத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? பானெட் மேல் ஷாம்பெயின் கிளாஸ்களைக் கோபுரமாக அடுக்கினார்கள். காரை உருளைகள் மேல் நிறுத்தி 145 மைல் வேகத்துக்கு முடுக்கினார்கள். அதாவது 230 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு கிளாஸ்கூடச் சரியவில்லை!

விலை? அறிமுகமானபோது அமெரிக்காவில் 35,000 டாலர். ஜெர்மன்காரர்களுக்குத் தூக்கம் போனது இங்கேதான்!

1989 டிசம்பர். இரண்டே இரண்டு வாடிக்கையாளர் புகார். லெக்சஸ் அதுவரை விற்ற 8,000 கார்களையும் திரும்ப அழைத்தது! பலருக்கு வீட்டு வாசலுக்கே வந்து காரை எடுத்துப் போனார்கள். சரிசெய்து, கழுவி, டேங்க்கை நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். எல்லாம் முடிய எடுத்த நாள் 20!

இன்னொரு அதிசயம். அதே சமயத்தில் ஜப்பானில் லெக்சஸ் என்று ஒரு காரே விற்பனைக்கு இல்லை! எல்எஸ் 400 அங்கே 'டொயோட்டா செல்சியர்'. லெக்சஸ் சொந்த ஊருக்கு வந்தது 2005-ல்தான்!

அந்த 4 லிட்டர் வி8 இன்ஜின் வானத்திலும் பறக்கத் தகுதி பெற்றது, தெரியுமா? அதை அடிப்படையாக வைத்து 360 குதிரைசக்தியில் டொயோட்டா ஒரு விமான இன்ஜின் செய்தது. அமெரிக்க விமானத் துறை 1997-ல் அதற்குச் சான்றிதழே கொடுத்தது!

வாங்கப் போகிறவர் காதில் மட்டும் ஒன்று. இந்த இன்ஜினுக்கு டைமிங் பெல்ட் உண்டு. ஏறக்குறைய 1,45,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். 1990-களின் தொடக்க மாடல்களில் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். 1998-க்குப் பிறகு வந்ததில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பெல்ட் போய், இன்ஜினும் போச்சு!

இவ்வளவு புகழ்பெற்ற காருக்கும் ஒரு ஓட்டை உண்டு. நிஜமான ஓட்டைதான்! பவர் ஸ்டீயரிங் பம்ப் கசியும். கசியும் ஆயில் எங்கே போய்ச் சொட்டும்? நேராக ஆல்டர்னேட்டர் மேல்!

சரி, 16 லட்சம் கிலோமீட்டர் பெரிது என்கிறீர்களா? கிரீஸுக்கு வாருங்கள். தெசலோனிகி நகர டாக்சி டிரைவர் கிரிகோரியோஸ் சாசினிடிஸ். வண்டி 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி. 1981-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அப்போதே 2,20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி! 2004-ல் மெர்சிடிஸ் மியூசியத்திடம் ஒப்படைத்தபோது எவ்வளவு? 46 லட்சம் கிலோமீட்டர்!

அதாவது பூமியை 114 முறை சுற்றிய தூரம். 23 வருடமும் நாள் தவறாமல் 500 கிலோமீட்டருக்கு மேல்! மூன்று இன்ஜின்களை மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டினார் மனுஷர். பழைய டாக்சிக்குப் பதில் கம்பெனி அவருக்குக் கொடுத்தது புத்தம் புது சி கிளாஸ்!

மெர்சிடிஸ் கம்பெனி கார்களுக்கு மெடல் கொடுக்கும், தெரியுமா? 2,50,000 கிலோமீட்டருக்கு ஒரு பேட்ஜ். 5 லட்சத்துக்கு ஒன்று. 7,50,000-க்கு ஒன்று. 10 லட்சத்துக்கும் ஒன்று! முன்பக்க கிரில்லில் குத்திக்கொள்ளலாம். செகண்ட் ஹேண்ட் சந்தையில் அந்த பேட்ஜோடு ஒரு வண்டி கண்ணில் பட்டால் ஓடாதீர்கள், நின்று விசாரியுங்கள்!

நியூயார்க்கின் அறிவியல் ஆசிரியர் இர்வ் கார்டன் 1966 ஜூன் 30 அன்று ஒரு வோல்வோ பி1800எஸ் வாங்கினார். விலை 4,150 டாலர். பிடித்துப்போய் ஓட்டிக்கொண்டே இருந்தார். வார இறுதி முடிந்து முதல் சர்வீஸுக்கு வந்தபோது 1,500 மைல் ஆகியிருந்தது!

அந்த இன்ஜினை முதல் முறை பிரித்தது எப்போது? 6,80,000 மைலில்! 2013-ல் அலாஸ்காவில் 30 லட்சமாவது மைலைக் கடந்தார். ஒரே ஆள், ஒரே கார், கின்னஸ் சாதனை! ரகசியம் என்ன என்று கேட்டவர்களுக்கு அவர் காட்டியது டேஷ்போர்டுக்குள் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலை. நம்மில் யார் அதைப் பிரித்திருக்கிறோம்!

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விற்பனைப் பிரதிநிதி 1989 மாடல் சாப் 900 டர்போவில் பத்து லட்சம் மைல் ஓட்டினார். டர்போ இன்ஜின் நீடிக்காது என்று யார் சொன்னது? சாப் அவருக்குப் புதுக் கார் பரிசளித்தது. பழைய கார் இன்று மியூசியத்தில்!

இனி கொஞ்சம் திகில் பக்கம்!

ஃபோக்ஸ்வேகன் ஃபேட்டன். வெளியே 50 டிகிரி வெயில். வண்டி நாள் முழுக்க 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். உள்ளே 22 டிகிரி மாறக்கூடாது. இது கம்பெனித் தலைவர் ஃபெர்டினாண்ட் பீயெக் போட்ட நிபந்தனை! ஆனால் விற்ற கார்களின் வேகத்தை எங்கே பூட்டினார்கள் தெரியுமா? 250-ல்!

ஃபேட்டனைச் செய்த டிரெஸ்டன் தொழிற்சாலையின் தரை மரப்பலகை! சுவரெல்லாம் கண்ணாடி! பழைய ஃபேட்டன் ஐரோப்பாவில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். 12 சிலிண்டர் மாடலில் கை வைத்தால் பல வேலைகளுக்கு இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். விலை ஏன் சரிந்தது என்று இப்போது புரிகிறதா!

2003 வாக்கில் வந்த ஆடி எஸ்4 காரின் வி8 இன்ஜினில் டைமிங் செயின் எங்கே இருக்கிறது? பின்பக்கம்! டிரைவர் கால் வைக்கும் தடுப்புச் சுவரை ஒட்டி! செயின் கடகடத்தால் இன்ஜினை வெளியே எடுத்தாக வேண்டும்!

லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 அதற்கும் அண்ணன். டீசல் மாடலில் டர்போவை மாற்ற மெக்கானிக்குகள் பாடியைக் கழற்றி, சேஸிஸிலிருந்து அப்படியே மேலே தூக்கிவிடுவார்கள்! லிஃப்ட்டில் பாடி அந்தரத்தில் தொங்கும். கீழே நான்கு சக்கரத்தோடு அடிப்பாகம் மட்டும் நிற்கும். அந்த நேரத்தில் ஒர்க்‌ஷாப் பக்கம் போய்விடாதீர்கள், நெஞ்சு தாங்காது!

பிஎம்டபிள்யூவின் என்63 என்ற வி8 இன்ஜின். இரண்டு டர்போவும் இன்ஜினின் நடுமடியில். சூடோ சூடு! 2014 டிசம்பரில் அமெரிக்காவில் கம்பெனியே இதற்கென்று ஒரு தனித் திட்டம் போட்டது. டைமிங் செயின், இன்ஜெக்டர், பேட்டரி என்று ஒரு பட்டியலையே சோதித்துப் பார்த்தது. ஆயில் மாற்றும் இடைவெளி 15,000 மைலிலிருந்து 10,000 ஆனது! 2009 முதல் 2014 வரை வந்த 750ஐ, 550ஐ கார்களைப் பார்த்தால் இரண்டு தடவை யோசியுங்கள். நானாக இருந்தால் மூன்று தடவை!

1990-களின் நடுவில் வந்த மெர்சிடிஸ் கார்களின் இன்ஜின் ஒயரைத் தொட்டுப் பாருங்கள். பழைய அப்பளம் மாதிரி கையில் உதிரும்! சுற்றுச்சூழலுக்காக மக்கும் உறை போட்டார்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அது மக்கிவிட்டது!

"கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் சார்." ஷோரூமில் கேட்டிருப்பீர்கள். பிஎம்டபிள்யூ உட்படப் பல கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுப்பது ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனி. அவர்களே என்ன சொல்கிறார்கள் தெரியுமா? 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் மாற்று!

குறைவாக ஓடிய டீசல் கார்தான் நல்லது என்கிறீர்களா? தப்பு! ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே மட்டும் ஊர்ந்த டீசலில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். 30,000 கிலோமீட்டர் உள்ளூர் வண்டியைவிட ஜிஎஸ்டி ரோட்டில் சீறிய 1,20,000 கிலோமீட்டர் வண்டி திடமாக இருக்கலாம்!

லெக்சஸ் இஎஸ் 300எச் ஹைபிரிட் காரில் ஆல்டர்னேட்டர் கிடையாது! ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது! கியர்பாக்ஸுக்கு சிவிடி என்று பெயர். உள்ளே பெல்ட் மட்டும் கிடையாது! இல்லாத பொருள் எப்படிக் கெட்டுப்போகும்?

இந்தக் கார் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். 2020 முதல் பெங்களூரு அருகே பிடதியில் பூட்டுகிறார்கள்! பழசு வாங்கினால் பின்சீட் பக்கம் குனிந்து பாருங்கள். ஹைபிரிட் பேட்டரிக்குக் காற்று போகும் ஜன்னல் அங்கே இருக்கும். நாய் முடியும் தூசியும் அடைத்திருந்தால் பேட்டரி மூச்சு முட்டி ஓடியிருக்கிறது என்று அர்த்தம்!

இந்தியாவில் மெர்சிடிஸ் பூட்டத் தொடங்கியது 1995-ல், புனேயில். பிஎம்டபிள்யூ 2007-ல் வந்து இறங்கிய இடம்? நம்ம செங்கல்பட்டுப் பக்கம்!

10 வருடம் தாண்டிய டீசல் கார் டெல்லியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஆமோதித்தது. அவ்வளவுதான், தலைநகரத்து சொகுசு டீசல்கள் மலிவு விலையில் தெற்கே கிளம்பின! விலையைப் பார்த்து மயங்காதீர்கள். டெல்லி ஆர்டிஓவின் என்ஓசி வேண்டும். இங்கே வந்ததும் ரோடு டாக்ஸ் மறுபடி கட்ட வேண்டும்!

டயரின் ஓரத்தில் நான்கு எண் இருக்கும். 3218 என்றால் 2018-ன் 32-வது வாரம்! கார் 2018, ஓட்டம் 25,000, டயர் மட்டும் 2023 என்றால் புரோக்கரிடம் ஒரு புன்னகை செய்யுங்கள்!

ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் ஒரு குட்டி முத்திரை. ஐந்து கண்ணாடியில் ஒரே ஆண்டு, ஒன்றில் மட்டும் வேறு ஆண்டா? அந்தப் பக்கம் என்னவோ நடந்திருக்கிறது!

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை சொகுசுக் கார்கள் மூழ்கின! வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதும். சீட் பெல்ட்டை அடிவரை இழுங்கள். மேலே பளபளப்பு, அடியில் சேற்றுக் கோடு என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்! இழுத்த கையோடு அடியில் தைத்திருக்கும் துணி லேபிளையும் படியுங்கள். பெல்ட் பிறந்த தேதி அதில் இருக்கும்!

பார்க்கப் போனதும் முதல் வேலை, பானெட்டைத் தொடுவது. சூடாக இருக்கிறதா? நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள்! குளிர்ந்த இன்ஜினின் முதல் சத்தத்தை உங்களுக்குக் காட்ட அவர்களுக்கு இஷ்டமில்லை!

ஏர் சஸ்பென்ஷன் காரா? காலையில் போங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி ஒரு மூலையில் குந்தியிருந்தால், செலவு அங்கே காத்திருக்கிறது!

பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். மீட்டரில் 40,000, ரப்பர் வழுவழு என்று தேய்ந்து ஓரம் பிய்ந்திருக்கிறதா? ரப்பரையே நம்புங்கள்!

பல பிஎம்டபிள்யூ மாடல்களில் வண்டி ஓடிய தூரம் எங்கெல்லாம் பதிவாகும் தெரியுமா? சாவிக்குள்ளும்! சர்வீஸ் சென்டரில் சாவியை ஒரு கருவியில் வைத்தால் கிலோமீட்டரைக் கக்கிவிடும். "இன்னொரு சாவி தொலைஞ்சு போச்சு சார்" என்று புரோக்கர் சொன்னால் கையில் இருக்கும் சாவியோடு சர்வீஸ் சென்டருக்கு வண்டியை விடுங்கள்!

மீட்டரைத் திருத்துவதெல்லாம் நம் ஊர்க் கைவரிசை மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? பொய் ஓடோமீட்டரோடு அமெரிக்காவில் ஆண்டுதோறும் கைமாறும் வண்டிகள், அந்த நாட்டு அரசின் கணக்குப்படியே, 4,50,000-க்கும் மேல்!