ராஜினாமா கடைசியில்தான் வந்தது

வேலையை விட்டுவிட்டுப் படம் வரையப் போகிறேன், எழுதப் போகிறேன், சினிமாவுக்குப் போகிறேன் என்று பிள்ளை வந்து நின்றால் நம் வீடுகளில் இரண்டு கட்சி உண்டாகிவிடும். சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்கும் கட்சி ஒன்று. துணிஞ்சு இறங்கட்டும் என்று சொல்லும் கட்சி இன்னொன்று. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை இருக்கிறது: முதலில் ராஜினாமா, அதற்குப் பிறகுதான் கலை. இந்த வரிசை சரிதானா என்று ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து நிதானமாகப் பார்ப்போம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சத்யஜித் ராய். உலகம் அறிந்த இயக்குநர். தன் படங்களுக்குத் திரைக்கதை எழுதினார், இசையமைத்தார், கேமராவை இயக்கினார், போஸ்டர் வரைந்தார். ஆங்கில எழுத்துருக்களை வடிவமைத்தார். வங்காளச் சிறுவர்கள் இன்றும் விரும்பிப் படிக்கும் துப்பறியும் கதைகளை எழுதினார். விளம்பர நிறுவன வேலையை உதறிவிட்டுப் ‘பதேர் பாஞ்சாலி’ எடுத்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த ‘உதறிவிட்டு’ எங்கே வருகிறது என்பதைத்தான் நாம் தேடப் போகிறோம்.

1921இல் கல்கத்தாவில் பிறந்தார். தாத்தா உபேந்திரகிஷோர் எழுத்தாளர், அச்சுக்கலை நிபுணர். அப்பா சுகுமார் ராய் வங்காளக் குழந்தைகளின் செல்லக் கவிஞர். தாத்தாவின் அச்சகம் இருக்கும்போது பேரனுக்கு என்ன குறை என்று தோன்றும். ஆனால் பையனுக்கு மூன்று வயது நிறைவதற்குள் அப்பா இறந்துவிட்டார். சில ஆண்டுகளில் அச்சகமும் நொடித்துப்போனது. தாயும் மகனும் மாமா வீட்டுக்குப் போனார்கள். படிப்பு, பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம். அது அவருக்கு ஒட்டவில்லை. அம்மாவின் விருப்பத்துக்காக 1940இல் சாந்திநிகேதனுக்குப் போய் நந்தலால் போஸிடமும் பினோத் பிஹாரி முகர்ஜியிடமும் ஓவியம் கற்றார். அந்த ஓவியப் படிப்பை முடிக்காமல் 1942இல் திரும்பிவிட்டார். ஓவியராகும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் ஒரு பொருளைப் பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் அங்கே படிந்தது.

1943இல் டி.ஜே.கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் ஜூனியர் விஷுவலைசர் வேலை. சம்பளம் மாதம் 80 ரூபாய். விஷுவலைசர் என்றால், ஒரு விளம்பரத்தில் படம் எங்கே, எழுத்து எங்கே, எவ்வளவு இடத்தை வெறுமையாக விடுவது என்று முடிவு செய்பவர். பந்தியில் உப்பும் ஊறுகாயும் இலையின் எந்த ஓரத்தில் விழ வேண்டும், சோற்றுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அறிந்து பரிமாறுகிறவரைப் போல. சினிமாவில் ஒரு ஷாட் வைப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். படம் எடுக்க நினைக்கும் ஒருவருக்கு இதற்குச் சம்பளத்தோடு பயிற்சி கிடைப்பது சின்ன விஷயமில்லை.

அதே அலுவலகத்தின் வழியாகச் சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகத்தின் தொடர்பும் கிடைத்தது. புத்தக அட்டைகள் வரையத் தொடங்கினார். அட்டை வரைய வேண்டுமென்றால் புத்தகத்தைப் படித்தாக வேண்டும். அப்படி அவர் கைக்கு வந்தது, விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் சுருக்கப் பதிப்பு. அதற்காக அவர் தீட்டிய சித்திரங்கள் சில, பத்தாண்டு கழித்துப் படத்தில் காட்சிகளாக வந்தன.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்த நாவலைப் படமாக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தாலும், அதற்குத் தானே ஒரு திரைக்கதை எழுதி வைத்துக்கொள்வார். படம் வெளியானதும் போய்ப் பார்த்து இரண்டையும் ஒப்பிடுவார். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பைசா வரவில்லை. ஆனால் திரைக்கதை எழுதக் கற்றது இப்படித்தான். 1947இல் நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். 1949இல் ‘தி ரிவர்’ படத்துக்கு இடம் பார்க்க வந்த பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாருடன் சுற்றினார். 1950இல் கீமர் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே சில மாதங்களில் நூறு படங்கள் அளவுக்குப் பார்த்தார். அவற்றில் ஒன்று இத்தாலியப் படமான ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. கப்பலில் திரும்பும்போதே ‘பதேர் பாஞ்சாலி’க்குக் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பயணச் செலவும் கீமருடையதுதான்.

1952 அக்டோபரில் முதல் படப்பிடிப்பு. வெள்ளையாய்ப் பூத்த நாணல் வெளியில் கதையின் சிறுவன் அப்புவும் அவன் அக்கா துர்காவும் ரயிலைப் பார்க்கும் காட்சி. பாதிதான் முடிந்தது. மறுவாரம் போனால் பூவே இல்லை, மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவம் வரை காத்திருந்தார்கள். ஏன் மறுநாளே போகவில்லை? அவருக்கு அலுவலகம் இருந்தது. விடுமுறை நாட்களில்தான் படம் எடுக்க முடிந்தது. கேமராவைப் பிடித்த சுப்ரதோ மித்ராவுக்கு அப்போது வயது 21 அல்லது 22தான், அதற்கு முன் ஒரு படம்கூட ஒளிப்பதிவு செய்ததில்லை.

பணம் தீரும், படப்பிடிப்பு நிற்கும். இன்ஷூரன்ஸ் பாலிசி போனது, ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகள் போயின, மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசு கைகொடுத்தது. தலைப்பு ‘பாதையின் பாட்டு’ என்று பொருள்படுவதால், சாலை மேம்பாட்டுக் கணக்கில் அந்தப் பணம் எழுதப்பட்டது என்று சொல்வார்கள். 1955இல் படம் வெளிவந்து ஓடியது. நாம் தேடிய ராஜினாமா இதற்குப் பிறகுதான் வருகிறது. கீமரில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. வேலை ஒரு பக்கம், கலை ஒரு பக்கம் என்று அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பிரிக்கவே முடியாது. அலுவலக மேசையில் படிந்த பழக்கம் அட்டைக்குப் போனது, அட்டை நாவலுக்கு அழைத்துப்போனது, நாவல் கேமராவுக்கு. சம்பளம் அந்த விடுமுறை நாட்களைத் தாங்கியது. கஷ்டம் இல்லாமல் இல்லை, நகை அடகுக்குப் போனது நிஜம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குதித்த கதை இது இல்லை.

அப்படியானால் மற்றத் திறமைகள்? அவையும் ஒவ்வொன்றாக, ஒரு தேவையின் பின்னால் வந்தவை. முதலில் ரவிசங்கர், விலாயத் கான், அலி அக்பர் கான் என்று மேதைகள் இசையமைத்தார்கள். அவர்கள் கச்சேரிக்காரர்கள், ஊர் ஊராகப் போகிறவர்கள். எந்த இடத்தில் எத்தனை விநாடி இசை வேண்டும் என்பது இவர் மனதில் திட்டமாக இருந்தது. 1961இல் ‘தீன் கன்யா’விலிருந்து தானே அமைத்துக்கொண்டார். அதே ஆண்டு, தாத்தா தொடங்கி நின்றுபோயிருந்த ‘சந்தேஷ்’ சிறுவர் பத்திரிகையை நண்பரோடு சேர்ந்து மீண்டும் கொண்டுவந்தார். பத்திரிகை என்றால் பக்கம் நிரப்ப வேண்டுமே. அதற்காக எழுதத் தொடங்கியதில் பிறந்தவர் விஞ்ஞானி பேராசிரியர் ஷோங்கு, 1965இல் துப்பறிவாளர் ஃபெலுடா. வங்காளத்தில் அவர் கதாசிரியராக அறியப்பட்டது நாற்பது வயதுக்கு மேல்தான். கதைகளுக்குச் சித்திரமும் அவரே போட்டார்.

இவை எல்லாம் கூடுகிற இடம் அவருடைய ‘கேரோர் காத்தா’. வங்காளக் கடைக்காரர்கள் கணக்கெழுதும், சிவப்புத் துணி போர்த்திய நோட்டு. அதில் வசனம் இருக்கும், பக்கத்திலேயே ஷாட்டின் சிறு படம், ஒரு பாத்திரத்தின் உடை, அரங்கில் கதவு எங்கே என்ற அளவு, ஓரத்தில் இசைக் குறிப்பு. இது ஓவியரின் பக்கம், இது இயக்குநரின் பக்கம் என்று பிரித்துக் காட்ட நம்மால் முடியாது.

புத்தகங்கள் நன்றாக விற்றன. குடும்பச் செலவுக்கு அந்த வருமானம் பெரிய பங்கு தந்தது, அதனால் காசுக்காகப் பிடிக்காத படத்தை ஒப்புக்கொள்ளும் நெருக்கடி குறைந்தது. 1983இல் ‘கரே பைரே’ எடுக்கும்போது மாரடைப்பு வந்தது. பிறகு சில ஆண்டுகள் கதைப்படம் எடுக்க மருத்துவர்கள் விடவில்லை. அந்த ஆண்டுகளில் ஃபெலுடா கதைகளை எழுதினார், அப்பாவைப் பற்றி ஓர் ஆவணப்படம் செய்தார். 1989இல் ‘கணசத்ரு’வோடு திரும்பி வந்தபோது, வெளியில் அலைய முடியாத உடம்புக்கு ஏற்றபடி, நாலு சுவருக்குள்ளேயே நடக்கும் கதையாக இப்சனின் நாடகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அரங்குக்குள்ளேயே எடுத்தார்.