இந்தச் சொல்லுக்குள் ஒரு கால் இருக்கிறது, தெரியுமா?

தடைக்கு இங்கிலீஷில் 'இம்பெடிமென்ட்' என்று மனப்பாடம் செய்த அசாம் ஜாவா பிள்ளைகளே, அதற்குள் ஒரு கால் மறைந்திருப்பது தெரியுமா? லத்தீனில் 'பெஸ்' என்றால் பாதம். 'இம்பெடிரே' என்றால் காலைக் கட்டுவது. பால் கறக்கும்போது பசுவின் பின்னங்காலைக் கயிற்றால் பிணைக்கிறோமே, அதேதான்!

கட்டை அவிழ்த்தால்? 'எக்ஸ்பெடிரே'. அதிலிருந்து பிறந்ததுதான் 'எக்ஸ்பெடிஷன்', கால் விடுபட்டுக் கிளம்பும் பயணம். சைக்கிள் பெடலிலும் அதே பாதம்! நாம் சொல்கிற 'பாதம்' சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. அதற்கும் லத்தீன் 'பெஸ்'ஸுக்கும் மூலவேர் ஒன்றே. ரோமானியப் படை சுமந்துபோன மூட்டைமுடிச்சுகளுக்குப் பெயரே 'இம்பெடிமென்டா'. நடக்கவிடாத பாரம், பின்னே!

இன்று திக்குவாயை 'ஸ்பீச் இம்பெடிமென்ட்' என்கிறார்கள். திருமணத்துக்குச் சட்டப்படி குறுக்கே நிற்கும் காரணமும் 'இம்பெடிமென்ட்'தான். நம் வீடுகளிலோ திருமணமே கால்கட்டு! "பையனுக்கு ஒரு கால்கட்டு போட்டுவிடுங்கள்" என்று சொல்லாத பாட்டி உண்டா?

ஆனால் நிஜமாகவே கால் கட்டுண்டவர்கள் நம் முன்னோர்தான். அசாம் ஜாவா இருக்கும் நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆங்ரி ஃபோகோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன் பெயர் தென்னமாரம். நம் 'தென்னமரம்'தான் அது! அதற்கு முன்பே கரும்பு, காப்பி, ரப்பர் என்று தோட்டந்தோட்டமாகத் தமிழர்கள் வந்திறங்கியிருந்தார்கள். கப்பல் செலவு கடனாக ஏறியது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஓடினால் சிறை. சங்கிலி தேவைப்படவில்லை; கைநாட்டு வைத்த ஒரு தாளே காலைக் கட்டியது. அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் நிறுத்தப்பட்டது. பால்மரம் வெட்டிய தாத்தாக்களை நினைக்கையில் எனக்கு அந்த லத்தீன் சொல் வலிக்கிறது.

இன்னொன்று தெரியுமா? கால்விலங்குக்குத் தமிழில் 'தளை' என்று பெயர். யாப்பிலக்கணத்தில் சீரைச் சீரோடு பிணைப்பதும் அதே தளை! அந்தத் தளைகளால் அமைவது அடி. அடி என்றாலும் பாதம்தானே! வெண்பாவில் அந்தக் கட்டு பிசகினால், 'தளை தட்டுகிறது' என்பார்கள் புலவர்கள். அங்கே கட்டு அவிழ்வதுதான் தடை!